காரின் பின்பக்கம்: கண்ணாடிக்கு ஒரு வேலை, கேமராவுக்கு வேறு வேலை

செங்கோட்டையிலிருந்து கேரளம் போகும் மலைப்பாதையில், புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறுகிறீர்கள். பின்னால் ஒரு கேரள அரசு பஸ் ஹாரன் அடித்தபடி வருகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் நம்மை நெருங்கும் என்பதுதான் அப்போது தெரிய வேண்டியது. கோட்டைவாசல் கடந்து ஆரியங்காவில் டீ குடிக்க ஓரங்கட்டுகிறீர்கள். கிளம்புவதற்கு ரிவர்ஸ் எடுக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது. பம்பருக்குப் பின்னால் கல் கிடக்கிறதா, ஓடைப் பள்ளம் இருக்கிறதா, கடைக்காரர் வீட்டுக் குழந்தை நிற்கிறதா?

முதல் கேள்விக்குக் கண்ணாடி நன்றாகப் பதில் சொல்லும், கேமரா தடுமாறும். இரண்டாவதற்குக் கண்ணாடியால் பதிலே சொல்ல முடியாது, கேமராவால் முடியும். புதுக் காரில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் எதை எதற்குப் பார்ப்பது என்று டிரைவிங் ஸ்கூலில் யாரும் சொல்லித் தருவதில்லை. ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று சைடு மிரரை மறந்தவர்களும் உண்டு, திரையை எட்டிக்கூடப் பார்க்காத பழைய கைகளும் உண்டு. இந்த மலைப்பாதைகளில் இரண்டு பேருக்கும் ஆபத்துதான்.

பின்னால் ஏன் தெரிவதில்லை

பழைய அம்பாசடரிலும் மாருதி 800இலும் தூண்கள் மெலிசு, கண்ணாடிகள் பெரிசு. இன்றைய கார்களில் மோதலையும் கவிழ்வையும் தாங்குவதற்காகக் கூரைத் தூண்கள் தடித்துவிட்டன. கதவின் கண்ணாடி தொடங்கும் கோடு பின்பக்கம் போகப் போக மேலே ஏறுகிறது. பின் சீட்டில் மூன்று தலையணைகள் நிற்கின்றன. டிக்கி உயர்ந்து, பின் கண்ணாடி தபால்பெட்டியின் வாய் மாதிரி ஆகிவிட்டது. சில எஸ்.யூ.வி.களில் ஸ்டெப்னி வேறு பின்கதவில் தொங்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகளை ஏற்றிக்கொண்டு குமுளிப் பாதையில் போகும் வண்டிகளில் பைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். உள்கண்ணாடியில் பையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வண்டி காலியாக இருக்கும்போதே நிலைமை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்கண்ணாடி தரையிலிருந்து 1.30 மீட்டர் உயரம், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு 1.05 மீட்டர் உயரம், இரண்டுக்கும் இடையே 2.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு ஏறக்குறைய இதுதான் அளவு. பார்வைக்கோடு 2.5 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறங்குகிறது. அதே சரிவில் அது தரையைத் தொடுவது காருக்குப் பின்னால் 10.5 மீட்டரில். அதற்கு முன்னால் இருக்கும் தரை எதுவும் உள்கண்ணாடியில் தெரியாது. நடை பழகும் 75 சென்டிமீட்டர் உயரக் குழந்தை 3 மீட்டருக்குள் நின்றால், தலைமுடிகூடக் கண்ணில் படாது. கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது, தடுப்பது கதவின் தகடு.

அமெரிக்காவில் கேமரான் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தந்தை பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி 2002இல் இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008இல் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2018 மே முதல் அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் சுமார் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் தெரிந்தாக வேண்டும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமானது. சென்சார் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து தூரம் கணிக்கிறது. சுவர், கார் போன்ற பெரிய பொருளுக்கு அது நன்றாகக் கூவும். மெல்லிய கம்பி, பம்பருக்குக் கீழே கிடக்கும் கல், துணி மாதிரி ஒலியை உறிஞ்சும் பொருள் ஆகியவற்றைத் தவறவிடும். பள்ளத்தைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. மலையோரத்தில் ரிவர்ஸ் எடுப்பவர் பயப்பட வேண்டியது அந்தப் பள்ளத்துக்குத்தான்.

மூன்று கண்ணாடி, இரண்டு ரகம்

உள்கண்ணாடி சமதளம். அதில் தெரியும் வண்டியின் அளவு, திரும்பிப் பார்த்தால் தெரியும் அளவுதான். தூரத்தை நம்பலாம். வெளியே இரண்டு பக்கமும் இருப்பவை குவிந்த கண்ணாடிகள். அதிகப் பரப்பைக் காட்டுவதற்காக வளைத்திருக்கிறார்கள், அதற்கு விலையாக எல்லாம் சிறிசாகத் தெரியும். கார்களின் முதன்மை வெளிக்கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது ஐ.நா. வாகன விதி 46.

எவ்வளவு சிறிசு? 1200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடியில், 20 மீட்டர் பின்னால் வரும் 1.5 மீட்டர் உயரக் காரைப் பாருங்கள். உங்கள் கண் வலதுபக்கக் கண்ணாடியிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டரில் இருக்கும். சமதளக் கண்ணாடியில் தெரியும் அளவில் பாதிகூட இராது. அதாவது 20 மீட்டரில் வரும் கார், 40 மீட்டருக்கு அப்பால் வருவது போல் தோன்றும். இடதுபக்கக் கண்ணாடி கண்ணிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் அதே கார் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், பார்வைக்கு 60 மீட்டர் தள்ளி. ஒரே கார், ஒரே தூரம், ஆனால் இடது கண்ணாடி வலது கண்ணாடியைவிடப் பெரிய பொய் சொல்கிறது. இடதுபக்கம் ஒதுங்கும்போது பைக்காரர் திடீரென்று ‘முளைப்பதற்கு’ இதுதான் காரணம். அவர் முளைக்கவில்லை, நமக்குத் தூரமாகத் தெரிந்துகொண்டிருந்தார்.

ஆகவே வெளிக்கண்ணாடியில் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள், எவ்வளவு தூரம் என்பதை உள்கண்ணாடியில் பாருங்கள். இரண்டிலும் ஒரே வண்டி தெரியும்போது அளவுகளை ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் கவனித்து ஓட்டினால் பழகிவிடும்.

கண்ணாடிக்கு இன்னொரு குணம் உண்டு. தலையைச் சற்று நகர்த்தினால் காட்சியும் நகரும். தலையை முன்னால் சாய்த்தால் கண்ணாடியின் ஓரத்துக்கு வெளியே ஒளிந்திருந்த பைக் தெரிந்துவிடும். எந்தக் கேமராவிலும் இந்த வசதி இல்லை. திரை முன்னால் நீங்கள் எப்படி நெளிந்தாலும் படம் அதேதான்.

கண்ணாடியை வைக்கும் முறை

முதலில் சீட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடியை வைத்துவிட்டு சீட்டை நகர்த்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உள்கண்ணாடியில் பின் கண்ணாடி முழுவதும் தெரிய வேண்டும். உங்கள் காது தெரிந்தால் கண்ணாடி தப்பாக இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் சைடு மிரரில் தங்கள் காரின் பின்கதவு கால்வாசி தெரியும்படி வைத்திருப்பார்கள். அந்தக் கால்வாசி வீண். காரின் பக்கவாட்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வலது கண்ணாடிக்கு, தலையை வலதுபக்க ஜன்னலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காரின் உடல் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் தெரியும் வரை வெளியே திருப்புங்கள். இடது கண்ணாடிக்கு, தலையை இரண்டு சீட்டுக்கும் நடுவே சாய்த்து அதையே செய்யுங்கள். நேராக உட்கார்ந்ததும் கார் தெரியாது, பக்கத்துத் தடம் தெரியும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நான்குவழிச் சாலையில் உங்களை ஒரு லாரி முந்தட்டும். அது உள்கண்ணாடியிலிருந்து மறையும்போதே வலது கண்ணாடிக்குள் நுழைய வேண்டும், அதிலிருந்து மறையும்போதே கடைக்கண்ணில் ஜன்னல் வழியாகத் தெரிய வேண்டும். நடுவில் லாரி ‘காணாமல்’ போனால் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள்.

இந்த முறை நெடுஞ்சாலைக்கு அருமை. ஆனால் பதினேழு கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டில், எதிரே தோட்டத்து ஜீப் வர, நீங்கள் இடதுபக்கம் பாறையோடு ஒட்ட வேண்டியிருக்கும்போது, பின் டயருக்கும் ஓரத்துக் கல்லுக்கும் இடைவெளி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அங்கே கார் தெரியாத கண்ணாடி உதவாது. எங்கள் யோசனை: வலது கண்ணாடி எப்போதும் வெளியே திரும்பியே இருக்கட்டும். இடது கண்ணாடியை மட்டும் மலை ஏறும் முன் காரின் பின்கதவுக் கைப்பிடி தெரியும் அளவுக்கு உள்ளே கொண்டுவந்து, சற்றுக் கீழேயும் இறக்குங்கள். கதவில் குமிழ் இருந்தால் இரண்டு வினாடி வேலை. கையால் தள்ளும் கண்ணாடி என்றால், வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

ஒட்டும் சிறு வட்டக் கண்ணாடிகள் ஆக்சசரீஸ் கடையில் கிடைக்கும். அவை இன்னும் அதிகமாக வளைந்தவை. ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்பதற்கு மேல் அவற்றிடம் எதுவும் கேட்காதீர்கள். சைடு மிரரில் வெறும் வானம் தெரியும் மேல் வெளிமூலையில் ஒட்டினால் சாலைக்காட்சி பறிபோகாது.

இரவில் பின்னால் வரும் வண்டி ஹைபீம் போட்டு வந்தால், உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டுங்கள். அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவத்தில் இருக்கிறது, பின்னால்தான் வெள்ளிப்பூச்சு. நெம்புகோலைத் தட்டியதும் வெள்ளிப்பூச்சின் பளிச்சென்ற பிம்பம் கூரைப்பக்கம் போய்விடும், முன்பக்க வெறும் கண்ணாடியின் மங்கலான பிம்பம் மட்டும் உங்கள் கண்ணுக்கு வரும். விடிந்ததும் திருப்பி வைக்க மறந்து, ‘கண்ணாடி மங்கிவிட்டது’ என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. இருண்ட பிலிம் ஒட்டிய பின் கண்ணாடி என்றால் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடிக்கு விதியே முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் ஒளியாவது ஊடுருவ வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ரிவர்ஸ் கேமரா: கோடுகளை எப்போது நம்பலாம்

ரிவர்ஸ் கேமராவின் லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. பம்பர் ஓரத்திலிருந்து இரண்டு பக்கச் சுவர் வரை காட்டும். அதனாலேயே நடுவில் இருப்பது சிறுத்துத் தள்ளிப் போய்விடும். பத்து மீட்டரில் வரும் பைக் திரையில் எறும்பளவு. அதனால்தான் கேமராவை மட்டும் பார்த்துக்கொண்டு சாலைக்குள் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பம்பர் ஓரத்துக்குக் கேமரா, வரும் வண்டிக்குக் கண்ணாடியும் கழுத்தும்.

திரையில் வரும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் ஒரு நிபந்தனையோடு வரையப்பட்டவை: காரும் அதற்குப் பின்னால் இருக்கும் தரையும் ஒரே சமதளத்தில் இருக்க வேண்டும். மலைநாட்டில் இந்த நிபந்தனை அடிக்கடி உடையும். கார் சமமான இடத்தில் நிற்க, பின்னால் தரை ஏறினால், அந்தத் தரை திரையில் மேலே தெரியும். திரையில் மேலே என்றால் தூரம் என்று கோடுகள் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மீட்டரில் இருக்கும் கல், ஒன்றரை மீட்டரில் இருப்பது போல் தோன்றும். தரை இறங்கினால் தலைகீழ், பொருள் கிட்டத்தில் இருப்பது போல் தெரியும். இது பாதுகாப்பான பக்கத்துப் பிழை, முன்னது ஆபத்தானது. காரும் பின்தரையும் ஒரே சரிவில் இருந்தால் பிழை இல்லை. ஏற்றத்தில் வீடு, சாலையோரத்தில் வாசல் என்று கட்டியிருக்கும் தேவிகுளம், பீர்மேடு பக்கத்து வீடுகளில், சாலையிலிருந்து முற்றத்துக்குள் ரிவர்ஸ் ஏற்றும்போதுதான் பம்பர்கள் அதிகம் உடைகின்றன.

லாரியின் பின்பக்கத்தை நோக்கி ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொரு ஏமாற்று. கோடுகள் தரையில் வரைந்தவை. லாரியின் பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் பச்சைக் கோட்டில் இருக்கும், ஆனால் பாடி சக்கரத்தைத் தாண்டி ஒன்றரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். திரையில் இடம் இருக்கிறது, நிஜத்தில் டிக்கிக் கண்ணாடி நொறுங்குகிறது. எம்.சாண்ட், ஜல்லி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளம் போகும் டிப்பர்கள் செக்போஸ்டில் வரிசை கட்டும்போது இதை நினைவில் வையுங்கள். பாதி இறக்கிய ஷட்டர், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கட்டு, வாழைத்தார் ஏற்றிய வண்டியின் வால் எல்லாம் இதே வகை.

ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியும் நிறைந்தால் பின்பக்கம் இறங்கும். கேமரா தாழ்ந்து தரையை நோக்கிச் சாயும், பொருள்கள் திரையில் மேலே ஏறும். அதாவது இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். காலி வண்டியில் கற்ற அளவை நிறை வண்டிக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் காரின் கோடுகள் எவ்வளவு தூரத்தைக் குறிக்கின்றன என்று அளந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. சமமான சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். பம்பரின் வெளி விளிம்பிலிருந்து டேப் பிடித்து 50 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டரில் சாக்பீஸால் காரின் அகலத்துக்குக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு தண்ணீர் பாட்டில். ரிவர்ஸ் போட்டுத் திரையில் எந்தக் கோடு எந்தப் பாட்டிலின் அடியைத் தொடுகிறது என்று பாருங்கள். அடியைத்தான் பார்க்க வேண்டும், தலையைப் பார்த்தால் லாரிக் கதைதான். நிறைய கார்களில் சிவப்பு அரை மீட்டர் பக்கத்தில் இருக்கும், ஆனால் கடையில் மாட்டிய கேமராவில் சிவப்பு எங்கே என்று அதை மாட்டியவருக்குத்தான் வெளிச்சம்.

மழையும் சேறும் வெயிலும்

ஆனி, ஆடிச் சாரலில் செங்கோட்டையிலிருந்து புனலூர் போய் வந்தால் ரிவர்ஸ் கேமராவில் படம் கலங்கிப் போயிருக்கும். கேமரா பழுது என்று நினைத்துவிடாதீர்கள். செங்குத்தாக முடியும் ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி. பின்பக்கத்தில் காற்று சுழன்று அழுத்தம் குறைகிறது, டயர் கிளப்பும் சேற்றுநீர் அந்தச் சுழலில் இழுபட்டு டிக்கியில் படிகிறது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் லென்ஸ் அதன் நடுவில் இருக்கிறது. பின் கண்ணாடிக்கு வைப்பர் உண்டு, பெரும்பாலான கேமராக்களுக்குக் கிடையாது.

துடைக்கும் முறையில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். காய்ந்த சேற்றை விரலால் அல்லது சட்டை நுனியால் தேய்த்தால் மணல் லென்ஸின் பூச்சைக் கீறிவிடும். பிறகு இரவில் ஒவ்வொரு விளக்கும் சிலந்திவலையாகத் தெரியும். முதலில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கரைத்து, பிறகு மென்மையான மைக்ரோபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். ஒர்க்‌ஷாப் வாட்டர் வாஷில் பிரஷர் கன் முனையைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் ஏறினால், வெயில் வந்ததும் லென்ஸின் உள்ளே பனி படரும். உள்ளே படர்ந்த பனிக்கு வைத்தியம் இல்லை, கேமராவை மாற்ற வேண்டியதுதான்.

இந்தப் பாதைக்கே உரிய இன்னொரு தொல்லை வெயில். காலையில் கேரளப் பக்கம் மேற்கே போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் கிழக்கே திரும்பி வந்தாலும் அதேதான். இரண்டு வேளையும் பின் கேமராவுக்குள் சூரியன் நேராக விழுகிறது, படம் வெளுத்துவிடும். அப்போது கண்ணாடியை நம்புங்கள். அதில் கண் கூசினாலும் வண்டியின் நிழலுருவாவது தெரியும்.

கண்ணாடிக்கும் மழை எதிரிதான். சைடு மிரரில் துளிகள், அதற்கு முன்னால் ஜன்னல் கண்ணாடியில் பனிமூட்டம். பல கார்களில் பின் கண்ணாடி டீபாகர் (பனிநீக்கி) பட்டனை அழுத்தினால் சைடு மிரரும் சூடாகும், உங்கள் காரில் அது உண்டா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் ஏ.சி.யைப் போட்டுப் பக்கத்துக் காற்றுத்துளைகளை ஜன்னல் பக்கம் திருப்புங்கள்.

படம் வரவில்லை என்றால்

வெளிக்கடையில் வாங்கி மாட்டிய கேமராவுக்கு வயரிங் எளிது. கேமராவின் சிவப்பு வயர் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவுக்கு, கறுப்பு பாடி எர்த்துக்கு, மஞ்சள் முனை ஸ்டீரியோவின் கேமரா இன்புட்டுக்கு. வீடியோ கேபிளோடு ஒட்டி ஒரு மெல்லிய வயர் வரும். அது ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்ட்டை ஸ்டீரியோவின் ரிவர்ஸ் வயருக்குக் கொண்டுபோவதற்கு. அதை மாட்டாமல் விட்டால் கியர் போட்டாலும் திரை மாறாது.

டிக்கியைத் திறந்து மூடும்போது படம் போய் வந்தால், கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். மடங்கி மடங்கி வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், மேலுறை முழுசாகவே இருக்கும். கோடுகள் உருண்டால் எர்த் சரியில்லை, பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். திரை நீலமாகவோ கறுப்பு வெள்ளையாகவோ இருந்தால், ஸ்டீரியோ செட்டிங்கில் கேமரா வகை பொருந்தவில்லை. துல்லியப் படம் தரும் ஏ.எச்.டி. கேமராவுக்கு ஏ.எச்.டி., பழைய வகைக்கு சி.வி.பி.எஸ். என்று மாற்றினால் சரியாகும். சில புதிய கார்களில் ரிவர்ஸ் பல்புக்கு மின்சாரம் துடிப்பாகப் போகிறது, பல்புக்கு அது போதும், கேமரா மினுக்கும். நடுவில் ஒரு ரிலேயோ பில்டரோ போட்டால் நிற்கும்.

கட்டாயம் பார்க்க வேண்டியது இடவலம். ஒருவரைக் காருக்குப் பின்னால், உங்கள் இடதுபக்கமாக நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் இடதுபக்கம் இருக்க வேண்டும். பின்னால் உள்ள போர்டின் எழுத்து திரையில் தலைமாறித் தெரிந்தால் கேமரா சரியாக இருக்கிறது. எழுத்து ஒழுங்காகப் படிக்க முடிந்தால்தான் தப்பு. முன்பக்கக் கேமரா முறையில் படம் வருகிறது என்று அர்த்தம், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தலைகீழாகத் திருப்புவீர்கள். பல கேமராக்களில் இதை மாற்ற ஒரு சிறு வளைய வயர் இருக்கும், எதை வெட்ட வேண்டும் என்பதை அதோடு வந்த தாளில் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கண்ணாடி இருந்த இடத்தில் திரை

உள்கண்ணாடியே திரையாகும் வகை இப்போது வந்துவிட்டது. லேண்ட் ரோவர் டிபெண்டரில் பின்கதவில் ஸ்டெப்னி தொங்குவதால், கூரை ஆண்டெனாவில் ஒரு கேமரா வைத்து உள்கண்ணாடியில் படம் காட்டுகிறார்கள். பை அடுக்கினாலும் ஆள் உட்கார்ந்தாலும் மறைக்காது, சேறும் அவ்வளவு உயரத்துக்குக் குறைவாகவே வரும். உண்மையில் நல்ல வசதி.

சிக்கல் கண்ணில். சமதளக் கண்ணாடியில் 20 மீட்டர் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும்போது கண் 20 மீட்டருக்குத்தான் குவிகிறது, சாலையைப் பார்த்த கண் அப்படியே கண்ணாடிக்குப் போகலாம். திரை என்றால் கண் அரை மீட்டருக்குக் குவிய வேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது சிரமம். இரட்டைக் குவியக் கண்ணாடி அணிபவருக்கு இன்னும் மோசம், அதன் மேல்பாதி தூரத்துக்கானது, திரையோ மேலே இருக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நல்லவேளையாக ஒரு நெம்புகோலைத் தட்டினால் சாதாரணக் கண்ணாடியாக மாறிவிடும்.

ரப்பர் பட்டையால் உள்கண்ணாடி மேல் கட்டும் டேஷ்கேம் திரைகளுக்கு அந்த வசதி முழுதாக இல்லை. அணைத்தால் அவை மங்கலான கண்ணாடிதான். கனத்தால் மேடுபள்ளத்தில் மொத்தமும் ஆடும்.

வெளிக்கண்ணாடிகளையும் எடுத்துவிட்டுக் கேமரா வைக்க ஜப்பான் 2016இல் அனுமதித்தது. 2018இல் லெக்சஸ் ஈ.எஸ். அங்கே அப்படி வந்தது, முன்தூண் அடியில் இரண்டு ஐந்து அங்குலத் திரைகளோடு. ஆடி ஈ-ட்ரானில் திரை கதவில் இருந்தது, ஹோண்டா ஈ-யில் டேஷ்போர்டின் இரு கோடிகளில். காற்றுத் தடை குறையும், மழைத்துளி படிந்த ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதில்லை, இரவில் ஹைபீம் கூசாது. இவை நிஜமான லாபங்கள். காட்சி தாமதமாக வருவதற்கும் வரம்பு உண்டு: ஐ.நா. விதிப்படி 200 மில்லிவினாடிக்கு மேல் போகக் கூடாது. உங்களைவிட 30 கிலோமீட்டர் வேகம் அதிகமாக வரும் பைக் அந்த இடைவெளியில் 1.7 மீட்டர் நெருங்கிவிடும். நெடுஞ்சாலையில் அது பெரிய விஷயமில்லை, ஒதுங்கும் கடைசி நொடியில் பெரிய விஷயம்.

ஆனாலும் நமது சாலைகளுக்கு இன்றைக்கு வெளிக்கண்ணாடிதான் சரி என்பது எங்கள் கருத்து. குறுகலான சந்தில் பைக் இடித்து ஒடிந்த கண்ணாடியைச் செங்கோட்டையிலோ கம்பத்திலோ அன்றைக்கே மாற்றிவிடலாம். ஒடிந்த கேமராக் கைக்கு அந்தக் கம்பெனியின் நகரத்து சர்வீஸ் சென்டர்தான் கதி. அதோடு தலையை அசைத்து எட்டிப் பார்க்கும் வசதியை எந்தத் திரையும் இன்னும் தரவில்லை.

எந்தக் கருவியும் காட்டாத இடத்தில் ஆள்தான். தோட்டத்து ஜீப்புகளில் கிளீனர் இறங்கி நின்று “போரட்டே, போரட்டே” (வரட்டும், வரட்டும்) என்று மலையாளத்தில் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் காருக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. வலதுபக்கப் பின்மூலைக்கு இரண்டு மீட்டர் தள்ளி, உங்கள் வலது கண்ணாடியில் முழு உருவமும் தெரியும்படி நிற்க வேண்டும். குரல் கேட்டுக்கொண்டிருந்தாலும், கண்ணாடியில் ஆள் மறைந்தால் பிரேக்கை மிதித்துவிடுங்கள்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை மத்தியான வெயிலில் மட்டும் முடித்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு இருட்டுச் சந்தில் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கியர் விழுந்து இரண்டு வினாடிக்குள் படம் வர வேண்டும் என்பது அமெரிக்க விதி, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் போட்ட உடனே ரிவர்ஸ் போட்டும் பாருங்கள். சில ஸ்டீரியோக்கள் விழித்தெழவே பத்துப் பதினைந்து வினாடி எடுத்துக்கொள்ளும், அதுவரை திரையில் கம்பெனி லோகோதான் தெரியும். பழைய கார் என்றால் ரிவர்ஸில் வைத்துக்கொண்டே டிக்கியை நாலைந்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். படம் ஒருமுறை துள்ளினாலும் வயர் வேலைக்கான செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம்.